“மூலத்தில் இல்லை” என்கிறார்கள்!

அல்லியையும் அரவானையும் கதையை விட்டுத் துரத்தலாமா?

வியாசர் பாரதம் சொல்லச் சொல்ல, பிள்ளையார் தம் தந்தத்தை ஒடித்து எழுதினார்.

இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? பாட்டி சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லியிருப்பார். காலண்டரில் படமாகவும் தொங்கியிருக்கும்.

ஆனால் அந்தக் கதை மூலத்தில் இல்லை!

இதைச் சொன்னவர்கள் சாமி இல்லை என்று சொல்கிறவர்கள் அல்ல. சம்ஸ்கிருதத்தைக் கரைத்துக் குடித்த பண்டிதர்கள்.

புனே நகரில் பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருக்கிறது. 1917-ல் தொடங்கியது. அங்கே 1919-ல் ஒரு பெரிய வேலையைக் கையில் எடுத்தார்கள். நாடு முழுவதிலும் இருந்து மகாபாரதச் சுவடிகளைத் திரட்டுவது. ஒவ்வொரு சுலோகத்தையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பது. எது பழையது, எது பின்னால் சேர்ந்தது என்று முடிவு கட்டுவது.

காசுமீரத்துச் சுவடி வந்தது. வங்காளத்துச் சுவடி வந்தது. மலையாளச் சுவடி வந்தது. தமிழ்நாட்டில் இருந்து கிரந்த எழுத்துச் சுவடிகள் போயின. மொத்தம் 1,259 சுவடிகள்!

சுக்தங்கர் என்ற அறிஞர் 1925 முதல் இந்த வேலைக்குத் தலைமை தாங்கினார். 1943-ல் அவர் காலமானார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். வேலை 1966-ல் முடிந்தது. தொடங்கியபோது தொட்டிலில் கிடந்த குழந்தை, முடிந்தபோது பேரன் எடுத்திருக்கும்.

முடிந்ததும் பார்த்தால், பிள்ளையார் எழுதிய கதை பின் இணைப்புக்குப் போயிருந்தது. எல்லாச் சுவடிகளிலும் அது இல்லை. ஆகவே பின்னால் வந்து சேர்ந்தது என்று தீர்ப்பு.

அது மட்டுமா? சபையில் துச்சாதனன் சேலையை உரிகிறான். திரௌபதி இரண்டு கையையும் தூக்கி, “கண்ணா!” என்று கதறுகிறாள். கேட்கிறவர்கள் கண்ணில் நீர் வரும் இடம் இது. புனே பதிப்பில் சேலை வளர்கிறது. ஆனால் அந்த இடத்தில் கண்ணனைக் கூப்பிடும் வேண்டுதல் இல்லை. அதுவும் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

யார் சிரித்தது?

இன்னொன்று பாருங்கள். பாரதப் போருக்கு யார் காரணம் என்று கேட்டால், “திரௌபதி சிரித்தாள், அதுதான் வினை” என்று சொல்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். மாய மண்டபத்தில் துரியோதனன் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்தானாம். அவள், “குருடன் மகனும் குருடனா?” என்று சொல்லிச் சிரித்தாளாம். பெண் சிரித்தால் குடி கெடும் என்று இதை வைத்தே எத்தனை வீட்டில் பெண் பிள்ளைகளை அடக்கியிருப்பார்கள்!

புனே பதிப்பில் அவன் விழும் இடத்தைப் படித்தால், சிரித்தவர்கள் பீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன். திரௌபதியின் பேரே அங்கே இல்லை. குருடன் என்ற குத்தல் பேச்சும் இல்லை.

பிறகு அவள் எப்படி வந்தாள்? துரியோதனன் ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் புகார் சொல்கிறான். அப்போதுதான், கண்ணன் சிரித்தான், அர்ச்சுனன் சிரித்தான், திரௌபதியும் மற்றப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள் என்கிறான்!

நடந்தது ஒன்று. அடிபட்டவன் வாயில் அது வேறாக வளர்ந்துவிட்டது. வியாசர் பாரதத்துக்கு உள்ளேயே, சொல்கிற ஆளைப் பொறுத்துக் கதை மாறுகிறது. அப்படி இருக்க, நாலு மலை தாண்டி, ஆறு மொழி தாண்டி வந்த கதை மாறாமல் இருக்குமா?

புனே அறிஞர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பழைய பாடம் எது என்று தேடினார்கள். நாணயமாகத் தேடினார்கள். ஒதுக்கியதைக் கூடக் குப்பையில் போடாமல், பக்கத்துக்குப் பக்கம் கீழே அச்சிட்டு வைத்தார்கள். அவர்களை விடப் பெரிய பண்டிதர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் பேச்சு.

பாட்டி அல்லி கதை சொல்ல ஆரம்பித்தால், “அதெல்லாம் கட்டுக்கதை பாட்டி, மூலத்தில் இல்லை” என்று பேரன் குறுக்கே விழுகிறான். அரவான் களப்பலி என்றால், “அது மகாபாரதமே இல்லை” என்று ஒருவர் கையை ஆட்டுகிறார். இப்படிச் சொல்கிறவர்களில் பலர் மூலத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. தொட்டிருந்தால் பிள்ளையாரைப் பற்றியும் அதையே சொல்ல வேண்டும்! அதற்குத் துணிச்சல் வருவதில்லை. காலண்டரில் ஏறிவிட்ட கதைக்கு ஒரு நியாயம், கிராமத்துக் கதைக்கு ஒரு நியாயம்.

ஆயிரம் வருஷத்துச் சொத்து

தமிழ்நாட்டுக்குப் பாரதம் நேற்று வந்தது அல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த பல்லவர் செப்பேடு 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கிய செய்தி அதில் இருக்கிறது. இன்றைக்கு ஊர்ப் பொதுவில் பள்ளிக்கூடத்துக்கு நிலம் விடுவது போல, அன்றைக்குக் கதை படிப்பதற்குப் பங்கு விட்டிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் காதில் விழவேண்டும் என்பதற்குத்தானே?

பாண்டியர்களின் சின்னமனூர்ச் செப்பேடு, மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கிய பெருமையைத் தங்கள் குலத்துக்குச் சொல்லிக்கொள்கிறது. 9-ம் நூற்றாண்டில் பெருந்தேவனார் வெண்பாவில் பாடினார். அதில் ஒரு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. பிறகு வில்லிபுத்தூரார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டில் பாரதம் பாடினார். இதுவும் போதாது என்று 18-ம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அதை இன்னும் பெரிதாக்கினார்.

மூலமும் தமிழுக்கு வராமல் இல்லை. கும்பகோணத்தில் ம. வீ. இராமானுஜாசாரியார் பல ஆண்டு பாடுபட்டு, 18 பர்வங்களையும் பண்டிதர்களைக் கொண்டு தமிழ் உரைநடையில் கொண்டு வந்தார். வேண்டும் என்கிறவர்கள் படித்துக்கொள்ளலாம்.

ஆனால் தமிழன் மனதில் இருக்கும் கர்ணன் எந்தக் கர்ணன்?

களத்தில் கர்ணன் குற்றுயிராய்க் கிடக்கிறான். கண்ணன் கிழப் பிராமணன் வேஷத்தில் வந்து கை ஏந்துகிறான். கொடுக்க ஒன்றும் இல்லை. செய்த புண்ணியம் எல்லாவற்றையும் கர்ணன் தாரை வார்க்கிறான். 1964-ல் ‘கர்ணன்’ படம் வந்தபோது இந்தக் காட்சிக்கு அழாதவர்கள் உண்டா?

துரியோதனன் மனைவியோடு கர்ணன் சொக்கட்டான் ஆடுகிறான். இடுப்பு மாலை அறுந்து முத்துச் சிதறுகிறது. உள்ளே வந்த துரியோதனன் சந்தேகப்படவில்லை. முத்தைப் பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா என்று கேட்கிறான். நட்புக்கு இதை விட வேறு உதாரணம் தமிழ்நாட்டில் யாரும் சொல்வதில்லை.

இரண்டும் வில்லியார் பாரதம். வியாசர் பாரதத்தில் இரண்டும் கிடையாது. “மூலத்தில் இல்லை” என்று தள்ளிவிட்டால் தமிழனிடம் எந்தக் கர்ணன் மிஞ்சுவான்? பாதிக் கர்ணன்தான்.

அல்லி ராஜ்யம்

புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கென்று சென்னையில் ஒரு வகைப் புத்தகம் அச்சானது. ‘பெரிய எழுத்து’ என்று பேர். இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற அச்சுக்கூடத்தார் அதை மலிவு விலைக்குப் போட்டார்கள். திருவிழாக் கடையிலும் சந்தையிலும் விற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் கண்ணுக்குத் தெரியும். பெரிய எழுத்து அல்லி அரசாணிமாலை, பெரிய எழுத்துப் பவளக்கொடி மாலை. ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, திண்ணை நிறையக் கேட்பார்கள். 1934-ல் தியாகராஜ பாகவதர் முதல் முதலாகச் சினிமாவில் தோன்றியதும் ‘பவளக்கொடி’யில்தான்.

அல்லி யார்? அல்லி மலரில் கிடைத்த குழந்தை. பாண்டியன் வளர்த்த மகள். மதுரையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் போட்ட நீன்முகனை ஒழித்துவிட்டு, தானே சிங்காசனத்தில் உட்கார்ந்தாள். அவள் அரண்மனையில் காவலுக்குப் பெண், மந்திரிக்குப் பெண். கல்யாணமே வேண்டாம் என்றாள். இன்றைக்கும் ஒரு வீட்டில் பெண் அதிகாரம் நடந்தால் “அங்கே அல்லி ராஜ்யம்” என்கிறார்களே, அது இவளால் வந்த பேச்சு.

வில்லி பாரதத்தில் அர்ச்சுனன் பாண்டியன் மகள் சித்திராங்கதையை மணக்கிறான். நாட்டுப்புறத்தார் அதோடு விடவில்லை. மதுரையில் ஒரு பெண்ணை வைத்து, வில்லுக்கு விஜயனையே அவள் வாசலில் காத்துக் கிடக்க வைத்தார்கள்.

ஆனால் கதையின் மறுபாதி கசப்பானது. நேர் வழியில் அல்லி இணங்கவில்லை. கண்ணன் பாம்பாட்டியாக வருகிறான். அர்ச்சுனன் பாம்பாக மாறி அவள் படுக்கை அறைக்குள் போகிறான். அவள் தூங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான்!

இதைக் கேட்கிற இந்தக் காலத்துப் பெண்ணுக்குக் கோபம் வரும். வரவேண்டும். கிராமத்துக் கதை என்பதால் அதில் உள்ளது எல்லாம் சர்க்கரை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அதற்காக அல்லியைத் துரத்துவதில் என்ன லாபம்? விழித்து எழுந்த அல்லி சும்மா இருக்கவில்லை. சீறினாள், எதிர்த்து நின்றாள் என்பதும் அந்தக் கதையில்தான் இருக்கிறது. “தூங்கும்போது கட்டினால் அது தாலியா?” என்று பேத்தி கேட்கட்டும். பாட்டி என்ன சொல்கிறாள் என்று பார்க்கலாம். கதையே இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

கூவாகத்தில் ஒரு விடியல்

வியாசர் பாரதத்தில் இராவான் என்று ஒருவன் வருகிறான். அர்ச்சுனனுக்கும் நாக கன்னி உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். அவ்வளவுதான். படிப்பவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுவார்.

தமிழ்நாட்டில் அவன் அரவான். போர் தொடங்குமுன் காளிக்குக் களப்பலி வேண்டும். அங்க லட்சணம் முழுதும் உள்ளவன் வேண்டும். அரவான் தன்னையே கொடுத்தான். பெருந்தேவனார் பாரதத்திலேயே இந்தப் பலி இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கதை!

நாட்டுப்புறத்தார் இன்னும் ஒன்று சேர்த்தார்கள். சாகப்போகிறவன் கல்யாண ஆசையைச் சொன்னான். மறுநாள் விதவையாகப் போகும் பெண்ணாக யார் வருவார்கள்? யாரும் வரவில்லை. கண்ணனே மோகினியாக மாறிக் கழுத்தை நீட்டினான்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது. கூத்தாண்டவர் என்பவர் இந்த அரவான்தான். சித்திரைத் திருவிழாவில் நாடெங்கும் இருந்து திருநங்கைகள் வந்து கூடுகிறார்கள். அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அந்த இரவு ஆட்டமும் பாட்டும். விடிந்தால் தேர். அரவான் பலியானதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அந்த அழுகையை நேரில் கேட்டவர்கள் அது நாடகம் என்று சொல்லமாட்டார்கள்.

திருநங்கைகளுக்குத் தமிழ்நாட்டு அரசு நல வாரியம் அமைத்தது 2008-ல். அதற்கு எத்தனையோ காலம் முன்பே, பெற்ற வீடும் சேர்க்காதவர்களுக்குக் கோயிலில் ஓர் இடம் கொடுத்துவைத்தது ஒரு ‘கட்டுக்கதை’. கண்ணனே ஒரு நாள் நம்மைப் போல இருந்தான் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. அவர்களிடம் போய், “மூலத்தில் இல்லை” என்று சொல்லப்போகிறவர் யார்?

மற்ற ஊர்களில்

இது தமிழனுக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. ஒரிசாவில் 15-ம் நூற்றாண்டில் சரளா தாசர் பாரதம் பாடினார். அவருடைய கண்ணன் அர்ச்சுனனுக்கு முன்னால் ‘நவகுஞ்சரம்’ என்ற உருவில் வந்து நிற்கிறான். ஒன்பது உயிர்களின் அங்கம் சேர்ந்த ஒரே உடம்பு! சகுனியின் தாயக்கட்டை அவன் தகப்பன் எலும்பில் செய்தது என்று தமிழ்நாட்டிலும் சொல்வார்களே, அந்தக் கதையும் சரளா தாசரிடம் உண்டு. வியாசரிடம் இல்லை.

கன்னடத்தில் 941-ம் ஆண்டில் சமணக் கவிஞர் பம்பர் பாடிய பாரதத்தில், திரௌபதிக்குக் கணவன் அர்ச்சுனன் ஒருவன்தான். கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து மலைநடையில் துரியோதனனுக்கே கோயில் இருக்கிறது. சத்தீஸ்கரில் ‘பாண்டவானி’ பாடும் தீஜன் பாய் பள்ளிக்கூடம் பார்க்காத பெண். தாத்தா பாடக் கேட்டுக் கற்றவர். பெண்கள் உட்கார்ந்து பாடுவதுதான் வழக்கமாக இருந்தது. அவர் எழுந்து நின்று பாடினார். கையில் உள்ள தம்பூரா ஒரு நிமிஷம் பீமனின் கதை ஆகும். மறு நிமிஷம் அர்ச்சுனனின் வில் ஆகும். 2019-ல் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

கடல் கடந்தால் ஜாவா. அங்கே 1157-ல் ‘பாரதயுத்தம்’ என்ற காவியம் ஜாவா மொழியில் எழுந்தது. இன்றைக்கு அந்தத் தீவில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தோல்பாவைக் கூத்தில் பாண்டவர் கதையை விடிய விடியப் பார்க்கிறார்கள். அங்கே சிகண்டி வில்லெடுத்த பெண். அர்ச்சுனன் மனைவியரில் ஒருத்தி!

டி.வி.யில் வந்த பாரதம்

1988 அக்டோபர் முதல் 1990 வரை தூர்தர்ஷனில் மகாபாரதம் 94 பகுதிகளாக ஓடியது. பி. ஆர். சோப்ரா எடுத்தார். ராஹி மாசூம் ராசா என்ற முஸ்லிம் எழுத்தாளர் வசனம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. இந்தி தெரியாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். நல்ல முயற்சிதான். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நேர்ந்தது. கண்ணன் என்றால் ஒரே முகம், பீஷ்மர் என்றால் ஒரே தாடி. “டி.வி.யில் அப்படி வரவில்லையே!” என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். பின்னால் புதிய தொடர்கள் வந்தன. இப்போது கைப்பேசியிலும் வருகிறது. ஆயிரம் கதைகளில் ஒன்றாக வந்தது, மற்ற ஆயிரத்தையும் வாய் மூட வைத்துவிட்டது. இவர்கள் சொல்லும் ‘மூலம்’ பல வீடுகளில் இந்தத் தொடர்தான்!

“அப்படியானால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் சொல்வார். இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான மரத்தில் ஏறுவார். கடைசியில் படுகளம். துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகப் படுக்க வைத்து, பீமன் தொடையில் அடிப்பான். விரித்த கூந்தலைத் திரௌபதி அன்று முடிவாள். மாலையில் தீமிதி.

அந்தக் கூட்டத்தில் ஐம்பது வருஷமாகக் கூத்துப் பார்க்கிற கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கட்டியங்காரன் கேலி பேசலாம். ஊர் வழக்கை உள்ளே இழுக்கலாம். ஆனால் திரௌபதி வேஷக்காரர் சபதத்தை மாற்றிச் சொன்னால் எழுந்து கேட்பார்கள். சொல்கிறவருக்குக் கேட்கிறவர் முன்னால் பயம் உண்டு. பேர் ஊர் இல்லாமல் கைப்பேசியில் சுற்றுகிற கதைக்கு அந்தப் பயம் கிடையாது. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

இந்தத் திரௌபதி கப்பலும் ஏறினாள். இலங்கையில் பாண்டிருப்பிலும் உடப்பிலும் அவளுக்குக் கோயில் உண்டு. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் நடக்கும் தீமிதியும் இவளுக்காகத்தான். கூலி வேலைக்குப் போன தமிழன் கப்பலில் மூலத்தையா மூட்டை கட்டிக்கொண்டு போனான்? கூத்தில் பார்த்ததையும், பாட்டி சொன்னதையும் கொண்டு போனான்.

அந்தக் கூத்துக்குத்தான் இப்போது ஆள் குறைகிறது. பத்து ராத்திரி நடந்த ஊரில் மூன்று ராத்திரியோடு முடித்துக்கொள்கிறார்கள். மீதி ராத்திரிக்குப் பாட்டுக் கச்சேரி. மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? ராத்திரி முழுதும் கண் விழித்தாலும், வருஷத்தில் பாதி மாதம்தான் பிழைப்பு.

பக்கத்து ஊரில் கூத்து என்று கேள்விப்பட்டால், குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். ஒரு பாயும் போர்வையும் கொண்டு போவது நல்லது. குழந்தைகள் பாதியில் தூங்கிவிடும். துரியோதனன் மேடைக்கு வரும் சத்தத்தில் தானாக எழுந்துகொள்ளும். முடிய விடிந்துவிடும்.